ஆம்புரோஸ் சிரித்த இடம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. அந்த மூலைக்குக் கணப்பின் சூடு எட்டாது. ஒரு சிரிப்பின் கதை சொல்கிறேன். நடுவில் கண் கலங்கினால் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் தெருவில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் வின்னி டக்வெல்லும் அவள் கணவர் ஆம்புரோஸும். பேருந்துகளில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகும் குடை, ஒற்றைக் கையுறை, பல்செட் எல்லாவற்றையும் வாங்கி வைத்து, தேடி வருகிறவர்களிடம் கொடுப்பதுதான் ஆம்புரோஸுக்கு வேலை. அவர் சிரிப்பு சுவரைத் தாண்டி வரும். முதலில் மூக்கால் ஒரு உறுமல். பிறகு சத்தமே இருக்காது. முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும்போது அடிவயிற்றிலிருந்து வெடித்துக்கொண்டு வரும்.

மகன் டெரன்ஸ் மோட்டார் சைக்கிளில் போய் லாரியில் மோதி இறந்தான். அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பல வருடம் கழித்து எங்கள் முதியோர் சங்கத்துக்குத் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து இலவச அனுமதிச் சீட்டு வந்தது. நிகழ்ச்சியின் பெயர் 'ஞாயிற்றுக்கிழமை பேண்டு'. ஆம்புரோஸுக்கு பேண்டு வாத்தியம் என்றால் உயிர். வின்னி முட்டை சாண்ட்விச் கட்டிக்கொண்டாள். நானும் போனேன்.

அரங்கில் பேண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. படித்த பையன்கள் சிலர் பெண் வேடத்தில் வந்து கத்தினார்கள். ஒரு பாதிரியார் குளியல் தொட்டியில் உட்கார்ந்து முட்டைக்கோஸைப் பேட்டி எடுத்தார். அது இரண்டாவது வாரமாம். முதல் வாரமும் யாரும் சிரிக்கவில்லையாம். என் முன்னால் இருந்த அம்மாள், "பேண்டு எப்பப்பா வரும்?" என்று கேட்டேவிட்டாள்.

அப்புறம் ஒரு காட்சி. ரயில் நிலையத்தில், தொலைந்த பொருள்களுக்கான அலுவலகம். ஒருவன் வந்தான்.

"ஐயா, நேத்து ரயில்ல என்னைத் தொலைச்சுட்டேன்."

"அடையாளம் சொல்லுங்க."

"நடுத்தர உயரம். இதே தொப்பி."

"இன்னிக்கு மூணு பேர் வந்திருக்காங்க. ரெண்டு பேர் நனைஞ்சு கிடக்காங்க." குமாஸ்தா உள்ளே போய் ஒரு அன்னாசிப்பழத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "இதுவா பாருங்க."

"நான்தான். கொஞ்சம் இளைச்சிருக்கேன்."

அரங்கமே கல்லாக உட்கார்ந்திருந்தது. அப்போது என் பக்கத்தில் மூக்கால் ஒரு உறுமல் கேட்டது. பிறகு மௌனம். பிறகு வெடித்தார் பாருங்கள், ஆம்புரோஸ்! கண்ணில் நீர் வழிய, தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பின. வின்னிக்கு முகம் சிவந்துவிட்டது. நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள். ஊரார் திரும்பிப் பார்த்தால் எங்களுக்கு உயிர் போய்விடும்.

"ஷ்ஷ்! ஆம்புரோஸ், எல்லாரும் பாக்குறாங்க."

அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். வீடு வரும்வரை பேருந்தின் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பான மாலையில் அவர் நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். வின்னி பக்கத்தில் இருந்தாள். பனி விழத் தொடங்குமுன் போய்விட்டார். அடக்கம் முடிந்து தேநீர் குடிக்கும்போது வின்னி என் கையைப் பிடித்தாள்.

"அத்தனை வருஷம் கழிச்சு சிரிச்ச மனுஷனை நான் அடக்கிட்டேனே, ஐவி. அதுக்கப்புறம் கைக்குட்டைக்குள்ள துளியாவது சிரிச்சாரா? எனக்கு அது தெரியணும்."

அந்த நிகழ்ச்சியின் பதிவு கிடைக்குமா என்று நிலையத்துக்குத் தொலைபேசி செய்து கேட்டாள். நாடா விலை அதிகமாம். அதை அழித்து மேலே குதிரைப் பந்தயம் பதிந்துவிட்டார்களாம்.

பிறகு ஒரு சனிக்கிழமை இருவரும் அவள் வீட்டில் வேறொரு தமாஷ் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தோம். மாமியாரைப் பற்றிய பழைய ஜோக். மூக்கால் ஒரு உறுமல். மௌனம். வின்னியின் கையிலிருந்த கோப்பை சாய்ந்து தேநீர் மடியில் கொட்டியது. அடுத்த நொடி தொலைக்காட்சிப் பெட்டிக்குள் ஆம்புரோஸ் வெடித்துச் சிரித்தார்.

திங்கட்கிழமை நாங்கள் நிலையத்து வாசலில் நின்றோம். ஒலிப்பதிவு வேலை பார்க்கும் டெஸ்மண்ட் நல்ல மனுஷன். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தான்.

"நல்ல சிரிப்பு கிடைக்கிறது கஷ்டம்மா. அன்னிக்கு அரங்கம் பூரா சவக்களை. இவர் ஒருத்தர்தான் சிரிச்சாரு. அதை மட்டும் தனியா எடுத்து வெச்சேன். எங்க சிரிப்பு வரலையோ அங்க இவரைப் போட்டுடுவோம். நாங்க இவரை 'மூக்கு'ன்னுதான் கூப்பிடுறோம். தப்பா எடுத்துக்காதீங்க."

"அவர் பேரு ஆம்புரோஸ்," என்றாள் வின்னி.

"முழுசாக் கேளுங்க. ஒளிபரப்புல போடுறப்போ கடைசித் துண்டை விட்டுருவோம்."

நாடா சுற்றியது. உறுமல், மௌனம், வெடிப்பு. தொடையைத் தட்டும் சத்தம்கூடக் கேட்டது. அப்புறம் மிகத் தெளிவாக: "ஷ்ஷ்! ஆம்புரோஸ்..."

நாடாவின் நுனி சக்கரத்திலிருந்து கழன்று தப்தப்பென்று அடித்துக்கொண்டது.

"அப்புறம்?"

"அவ்வளவுதாம்மா. பேச்சு வந்ததும் வெட்டிட்டேன்."

"அதுக்கப்புறம் சிரிச்சாரா?"

டெஸ்மண்ட் சக்கரத்தை நிறுத்தினான். "எனக்கு ஞாபகமில்லம்மா."

அன்று முதல் வின்னி ஒரு தமாஷ் நிகழ்ச்சியையும் விட்டதில்லை. ஜோக் மட்டமாக இருக்க இருக்க, அவர் வருவார் என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வாள். வந்துவிட்டால் ஒலியைக் கூட்டுவாள். என் சுவர் அதிரும். எதிர்வீட்டுக்காரன் ஒருநாள் வந்து கதவைத் தட்டினான்.

"என்னம்மா சத்தம்? தெருவே பாக்குது!"

"பாக்கட்டும்," என்றாள் வின்னி. "அவரு முடிக்கட்டும்."

சில வருடங்களில் நிலையத்தில் புதுச் சிரிப்புகள் வாங்கிவிட்டார்கள். அவர் வருவது நின்றுபோனது. வின்னி அப்போதும் பெட்டியைப் போட்டுவிட்டு, கையை ஒலிப்பொத்தானில் வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். ஒரு மாலை நான் தேநீர் எடுத்துப் போனபோது அப்படியே சாய்ந்து கிடந்தாள். பெட்டியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் யார் எவ்வளவு உரக்கச் சிரித்தாலும் கடைசிவரை சிரித்து முடிக்கட்டும். அவர்கள் பக்கத்தில் இருப்பவருக்கும் அந்தச் சிரிப்பு தொற்றிக்கொள்ளட்டும். உங்கள் வாசலைத் தாண்டிப் போன யாரும் தொலைந்து போகாமல் வீடு வந்து சேரட்டும்.