சீனச் சாமி

“அம்மப்பா, இது என்ன சாமி?”

மேனுஷா அப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. சாமித்தட்டில் பிள்ளையாருக்கும் வேலுக்கும் நடுவில் நின்ற கறுப்புக் குமிழ் ஒன்றைக் காட்டித்தான் கேட்டாள். யோகராஜா முகத்தில் சிரிப்பே இல்லாமல் பதில் சொன்னார்.

“சீனச் சாமி, குஞ்சு. இது சம்மதிச்சாத்தான் எங்கட ஃபக்டரியில ஒரு ஆணியும் அசையும்.”

“சாமிக்கு முன்னால பகிடி விடாதேங்கோ,” என்று சிவகௌரி கணவரை அதட்டினார். ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாச் சாமிக்கும் பொட்டு வைத்தபோது, அதை மட்டும் விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. அன்று முதல் அதற்கும் ஒரு பொட்டு.

அது நடந்து ஏழு வருடம். இன்று யோகராஜாவை எரித்துவிட்டு எல்லோரும் லண்டன் ரெய்னர்ஸ் லேன் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். பின்வளவில் ஆட்கள் கால் கழுவுவதற்காக மகள் சிவரூபினி இளஞ்சுடுதண்ணீரை வாளியில் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். டிசம்பர் இருபது. புல்லில் காலைப் பனி இன்னும் கரையவில்லை.

வரிசையின் கடைசியில் மிஸ்டர் லின் நின்றார். சப்பாத்தையும் சொக்ஸையும் கையில் பிடித்திருந்தார். மற்றவர்கள் செய்ததைப் பார்த்துத் தானும் செய்தார். எழுபது வயது இருக்கும். சீனாவின் ஃபோஷானில் சிவரூபினியின் அப்பாவும் அவரும் கூட்டாக நடத்திய ஃபக்டரியில் செய்த இடியாப்ப உரலும் புட்டுப்பானையும் இல்லாத தமிழ்க் கடை லண்டனில் இல்லை.

அவர் செத்தவீட்டுக்கென்று புறப்பட்டு வரவில்லை. அப்பாவிடம் நேரில் ஒன்று கேட்கத்தான் விசாவுக்கு எழுதியிருந்தார். விசா கைக்கு வந்த கிழமை, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்த கையோடு அப்பா போய்விட்டார்.

கேட்க வந்தது என்னவென்று சிவரூபினிக்குத் தெரியும். சாமித்தட்டில் இருந்த அந்தக் குமிழைத்தான்.

அது கம்பெனியின் முத்திரை. சீனாவில் கையெழுத்தைவிட முத்திரைக்குத்தான் மதிப்பு. அது எவர் கையில் இருக்கிறதோ அவர்தான் கம்பெனி. இதை அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். சீனாவில் முதல் போடுகிறவர்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்வது அவளுடைய வேலை. ஏழு வருடத்துக்கு முன்பு வேறொரு மொத்த வியாபாரியின் கடையில் தங்கள் உரலைப் போலவே ஓர் உரலைக் கண்டு, லின் பின்கதவால் விற்கிறாரோ என்று அப்பா குழம்பிப் போயிருந்தார். “கதைச்சுப் பிரயோசனமில்லை. முத்திரையை எடுத்துக்கொண்டு வாங்கோ அப்பா,” என்றாள் அவள். லின் வீட்டு மேசையில் அவர் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அப்பா அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார்.

அந்த உரல் வேறு ஊரில் எவனோ பார்த்துச் செய்த நகல் என்று பிறகு தெரிய வந்தது. தெரிந்த பிறகும் முத்திரை திரும்பிப் போகவில்லை. எடுத்ததைவிடக் கொடுப்பது வெட்கமாக இருந்தது.

இதற்கிடையில் சீனா வெளிநாட்டு முதலீட்டுச் சட்டத்தைப் புதிதாக எழுதியது. பழைய கூட்டுக் கம்பெனிகள் ஐந்து வருடத்துக்குள் தங்கள் விதிகளைத் திருத்தி, முத்திரை குத்திப் பதியவேண்டும். இந்த டிசம்பர் முப்பத்தொன்று கடைசி நாள். தவறினால், பதிவு அலுவலகம் அந்தக் கம்பெனியின் வேறெந்த மாற்றத்தையும் பதியாது. ஃபக்டரி நிற்கிற காணியை நகரசபை எடுக்கப் போகிறது. புது இடத்துக்குப் போவதென்றால் முகவரியை மாற்றிப் பதியவேண்டும். நாற்பத்திரண்டு பேர் அங்கே வேலை செய்கிறார்கள்.

ஒக்டோபரில் ஒருநாள் அப்பா, “குடுத்திடுவம் பிள்ளை,” என்றார்.

“பொறுங்கோ அப்பா, டைம் இருக்கு. டிசம்பர் கிட்ட வர அவரே இறங்கி வருவார். நாங்கள் கேக்கிறதெல்லாம் தருவார்.”

அப்பா தலையாட்டிவிட்டுப் போனார். சட்டம் படித்த பிள்ளை என்று அவருக்கு எப்போதும் ஒரு பெருமை.

இப்போது லின் காலைத் துடைக்கச் சிவரூபினி துவாய் கொடுத்தாள். அவர் முத்திரையைப் பற்றிக் கேட்கவேயில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கேளாமலே அவள் பதில் சொன்னாள். முத்திரை இருக்கும் சாமியறை மூடியிருக்கிறது, சாவுத் துடக்கு, முப்பத்தொன்றாம் நாள் வரை எங்கள் வழக்கப்படி திறக்க முடியாது என்று இங்கிலிஷில் விளக்கினாள்.

“முப்பத்தொன்று என்றால் டிசம்பரா?” என்று ஒரு கணம் முகம் மலரக் கேட்டார்.

“இல்லை. செத்து முப்பத்தொன்றாம் நாள். ஜனவரி.”

“ஜனவரி,” என்று அவர் திருப்பிச் சொன்னார். தலையை ஆட்டினார். பிறகு குனிந்து சொக்ஸைப் போட்டுக்கொண்டே, சம்பந்தமில்லாதது போல ஒரு கதை சொன்னார். இருபது வருடத்துக்கு முன்பு ஃபோஷானில் அப்பாவுக்குக் கடுமையான காய்ச்சல். கந்தசஷ்டி விரதம் வேறு. இறைச்சி பட்ட பாத்திரத்தில் வைத்த கஞ்சி வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார். லின்னின் மனைவி ஒரு புதுப் பானை வாங்கி, அதில் ஆறு நாள் கஞ்சி காய்ச்சினாள்.

“அந்தப் பானை இன்னும் இருக்கிறது. யோகாவின் பானை. எங்கள் வீட்டில் வேறு ஒருவரும் அதைத் தொடுவதில்லை.”

“இப்பவுமா?” என்று கேட்டாள்.

“அவர் திரும்ப வருவார் என்று இருந்தோம்,” என்றார் லின்.

சிவரூபினி வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சிவகௌரி குளிப்பதற்காகப் படியேறிக்கொண்டிருந்தார்.

“அம்மா, சாமியறையை ஒருக்காத் திறக்கட்டே?”

“விசரே உனக்கு? சுடலையால வந்த காலோட நிண்டுகொண்டு கேக்கிற கேள்வியே இது? ஐயர் வந்து துடக்குக் கழிக்கட்டும்.” நாலு படி ஏறியவர் திரும்பிப் பார்த்தார். “அந்த மனிசன் பாவம், குளிருக்க நிக்குது. சாப்பிடாமப் போக விட்டிடாத. அப்பா இருந்தா விடுவாரே?”

மேலே குளியலறைக் கதவு சாத்தியது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

சாமியறை என்பது படிக்கட்டின் கீழ் இருந்த சின்ன அறைதான். திரையை இழுத்து ஊசி குத்தியிருந்தார்கள். எதிர்ச் சுவரில், வந்தவர்களின் கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. நடையில் ஒருவரும் இல்லை. எல்லோரும் பின்வளவிலும் குசினியிலும் நின்றார்கள்.

அவள் ஊசியைக் கழற்றினாள். குளிக்காத உடம்பு, துடக்கு வீடு, விளக்கில்லாத சாமி. சிறு வயதிலிருந்து ஒருநாளும் இப்படி அந்த வாசலில் நின்றதில்லை. ‘பிள்ளையாரே, இது உங்கட இல்லை. அந்த மனிசன்ர,’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கையை நீட்டினாள்.

குங்குமம் ஏழு வருடமாகப் படிந்து தடித்திருந்தது. தூக்கியபோது அடியில் ஒரு காகிதம் இருந்தது. நாலாக மடித்தது. லின் அனுப்பிய விதித் திருத்தப் பத்திரம். கீழே அப்பாவின் கையெழுத்து, அவருக்கே உரிய அந்த நீண்ட வாலோடு. தேதி ஒக்டோபர் பதினெட்டு.

அவள் ‘பொறுங்கோ’ என்று சொன்ன கிழமை.

எல்லாம் செய்து முடித்து, பிள்ளை சொல்லட்டும் என்று வைத்திருந்திருக்கிறார். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் இங்கே நின்று கும்பிட்டிருப்பார். மேலே தண்ணீர் நின்றது.

சேலைத் தலைப்பால் குங்குமத்தைத் துடைத்தாள். ஓரத்துப் பள்ளத்தில் இருந்தது மட்டும் போகவில்லை. காகிதத்தைச் சாம்பல்நிறக் கோட்டின் உட்பையிலும், முத்திரையை இடப்பக்கப் பையிலும் வைத்துப் பொத்தானைப் போட்டாள். திரையை முன்போலவே குத்தினாள்.

சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து வீட்டுச் செபமாலைமுத்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “அங்க பாருங்கோ சீனாக்காரரை! எங்கட பிள்ளையள் கரண்டி தேடுதுகள், இவர் குழைச்சு அடிக்கிறார்.”

செத்தவீட்டில் அன்று கேட்ட முதல் சிரிப்பு அது. ‘சீனா’ என்ற சொல் மட்டும் லின்னுக்கு விளங்கியது. சோற்றுக் கையை உயர்த்திக் காட்டி, “யோகா, டீச்சர்,” என்றார். சிவகௌரி எழுந்து வந்து, அவர் இலையில் தானே இன்னொரு கரண்டி பருப்பு விட்டார்.

அவர் புறப்பட்டபோது சிவரூபினி குசினி வாசலில் நின்றாள். அருகே போகவில்லை. முன்பு இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் பழகிய தமிழில் ‘போயிட்டு வாறன்’ என்று சொல்லிவிட்டுத்தான் போவார். செத்தவீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது என்பதையும் அப்பா எப்போதோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் சாம்பல்நிறக் கோட்டைப் போட்டார், படலையைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

ஸ்டேஷன் பக்கம் தெருவில் அவர் மெதுவாக நடந்து போவது ஜன்னலால் தெரிந்தது. குளிருக்குக் கைகள் இரண்டையும் கட்டியிருந்தார். கோட்டின் இடப்பக்கம் சற்றுத் தாழ்ந்து தொங்கியது.