கண் மூடாதவள்

என் தையல் கடைக்கு வேலை கேட்டு வந்தவளுக்கு நாங்க வச்ச பேரு புதுசு. வந்து ரொம்ப நாளாகியும் அந்தப் பேரு மாறல. கடைக்குப் பின்னாடி துணிக்கட்டு கிடந்த ரூமை ஒழிச்சு, அவளையும் அவ கைக்குழந்தையையும் அங்கயே தங்க விட்டிருந்தேன். அவ தைக்கிற பட்டன் ஓட்டையைக் கண்ணுல ஒத்திக்கலாம், அப்படி ஒரு சுத்தம். ஆனா ஆளு ஒரு மாதிரின்னு எனக்கு முதல்லயே உறுத்துச்சு.

எல்லா மிஷினும் ஓடுறப்போ நான் பேசுறது எனக்கே கேக்காது. எதிர் மூலையிலிருந்து இவ டாண்ணு பதில் சொல்லுவா. பின்னாடி நின்னு கூப்பிட்டா மட்டும் அசைய மாட்டா. திமிரு பிடிச்சவன்னு நினைச்சுக்கிட்டேன்.

சபைக்குக் கூட்டிட்டுப் போனா அங்க அதைவிட மோசம். எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கிறப்போ இவ மட்டும் பாஸ்டர் மூஞ்சியவே முழிச்சுப் பாத்துக்கிட்டிருப்பா. அது உனக்கெப்படித் தெரியும்னு கேக்காதீங்க. நான் அரைக்கண்ணுதான் மூடுவேன், கர்த்தருக்கு என்னைத் தெரியும்.

ஒரு நாள் ஆராதனை முடிஞ்சதும், என் மகளுக்கு வந்த வரன் தட்டிப்போனதை பாஸ்டரம்மா காதுல குசுகுசுன்னு சொன்னேன். புதுசு ஹாலோட மறுகோடியில நாற்காலி அடுக்கிக்கிட்டிருந்தா. மறுநாள் நான் துணி வெட்டுறப்போ பக்கத்துல வந்து சொல்றா: "கவலைப்படாதீங்கக்கா. அந்த இடம் போனா போகட்டும், வேற நல்ல இடம் அமையும்." வீட்டுக்காரர்கிட்டகூட நான் இன்னும் வாயைத் திறக்கல.

நேரா பாஸ்டரம்மாகிட்ட ஓடினேன்.

"இது குறி சொல்ற ஆவி, சிஸ்டர். வேதத்துலயே இருக்கு. அதான் ஜெபத்துல கண்ணை மூட விடமாட்டேங்குது. பாஸ்டர் வந்து ஜெபிக்கட்டும். அப்பவும் போகலன்னா ரூமைக் காலி பண்ணச் சொல்லிடுங்க."

சரின்னுட்டேன். அவளுக்கும் அந்தப் பிள்ளைக்கும் வேற போக்கிடம் கிடையாது, அதுவும் எனக்குத் தெரியும். ஆனா கல்யாண வயசுல பொண்ணை வச்சுக்கிட்டு நான் வம்பை விலைக்கு வாங்கவா?

சாயங்காலம் மிஷினையெல்லாம் ஓரந்தள்ளி, அவளை ஸ்டூல்ல உக்கார வச்சோம். பாஸ்டர் பின்னாடி நின்னு அவ தலையைக் குனிய வச்சு அமுக்கிப் பிடிச்சார். "உன் பேரு என்ன, சொல்லு"ன்னு ஆவியை அதட்டினார். தொண்டை கட்டுற வரைக்கும் கத்தினார். மடியில கிடந்த குழந்தைதான் வீல்னு அழுதுச்சு. அவ அது முதுகைத் தடவிக்கிட்டு அப்படியே இருந்தா.

"பாத்தீங்களா, எவ்வளவு அழுத்தம்"னு பாஸ்டரம்மா என் கையைக் கிள்ளினாங்க.

பாஸ்டர் களைச்சுப்போய்க் கையை எடுத்ததும் அவ திரும்பிப் பாத்தா. "ஐயா, கொஞ்சம் முன்னாடி வந்து ஜெபிக்கிறீங்களா? எனக்குக் காது கேக்காது. சின்ன வயசுல காய்ச்சல்ல போயிடுச்சு. உங்க உதடு தெரிஞ்சாதான் நானும் சேர்ந்து ஜெபிக்க முடியும்."

பாஸ்டர் என்னைப் பாத்தார், நான் பாஸ்டரம்மாவைப் பாத்தேன்.

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"ன்னு அவமேல எரிஞ்சு விழுந்தேன்.

"சொன்ன இடத்துலெல்லாம் வேலை போயிடுச்சுக்கா."

அவ முன்னாடி போய் நின்னு, "நீ எங்கயும் போக வேண்டாம்"னு நிறுத்தி நிதானமாச் சொன்னேன்.

அதோட விட்டாங்களா? "அவ்வளவு தூரத்திலிருந்து உதட்டைப் பாத்தே கண்டுபிடிக்கிறது மனுஷ வேலையா, சிஸ்டர்?"னு கேட்டாங்க பாஸ்டரம்மா. அடுத்த ஞாயித்துக்கிழமை சபையில பாதிப் பேரு வாயைப் பொத்திக்கிட்டுத்தான் பேசினாங்க. ஜெபம் பண்ண எழுந்த பாஸ்டரம்மா கைக்குட்டையை எடுத்து உதட்டுமேல வச்சுக்கிட்டாங்க.

புதுசு என் முழங்கையைத் தொட்டா. "என்னக்கா ஜெபிக்கிறாங்க?"

இந்தச் சபைக்குள்ள புகுந்த அந்நிய ஆவியை வெளியே துரத்தும் ஆண்டவரேன்னு ஜெபிச்சுக்கிட்டிருந்தாங்க. நான் அவ பக்கம் திரும்பி, "உனக்காகத்தான்"னு சொன்னேன்.

அவ முகமெல்லாம் மலர்ந்துபோச்சு. சபையே திரும்பிப் பாக்குற மாதிரி, சத்தமா "ஆமென்"னு சொன்னா.