இரண்டு கிலோ நானூறு கிராம்

அன்று அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஜன்னலை ஒட்டிய நாற்காலியில் டாக்டரம்மா. மருந்து அலமாரியில் சாய்ந்து நின்றபடி நர்ஸ். சுவரோர பெஞ்சில் வெல்டர். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு அவர் மனைவி. கதவருகே சின்ன மேசையில் எழுத்தராகிய நான். என் முன்னே பாதி எழுதிய கடிதம்.

வெல்டரை ஆய்விலிருந்து நீக்குவதாக ஆய்வின் தலைமை அலுவலகத்துக்கு எழுதும் கடிதம் அது. உடல் எடை குறைந்தால் நெஞ்செரிச்சலும் அஜீரணமும் எவ்வளவு குறைகின்றன என்று பார்க்கும் ஆய்வு எங்களுடையது. வெல்டர் தொண்ணூற்றொரு கிலோவோடு வந்து சேர்ந்தவர். குனிந்து பற்றவைக்கும்போதெல்லாம் புளிப்பு தொண்டை வரை ஏறும். எட்டு வருடமாகத் தினமும் மாத்திரை. ஆறு மாதத்தில் எண்பத்திரண்டு புள்ளி நான்குக்கு இறங்கினார், எரிச்சலும் நின்றது. அடுத்த கட்டத்தில் மாத்திரையை நிறுத்திப் பார்ப்போம். அதற்குத்தான் மனிதர் நாள் எண்ணிக்கொண்டிருந்தார். ஆனால் இரண்டு கிலோவுக்கு மேல் எடை திரும்ப ஏறியவருக்கு அதில் இடமில்லை. போன வாரம் எண்பத்துநான்கு புள்ளி எட்டு காட்டிவிட்டது.

“கேன்டீன்ல ஒளிஞ்சு தின்னீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க,” என்றார் மனைவி.

“ஒரு வாய்கூட இல்லம்மா.”

“அப்ப காத்தக் குடிச்சா ஏறுச்சு?”

“உன் பேச்சக் கேட்டே வயிறு நெறஞ்சு போச்சு.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “எரிச்சல் இல்ல, ஏப்பம் இல்ல, பெல்ட்லயும் அதே ஓட்டை. எடை மட்டும் ஏறியிருக்கு. எனக்கே புரியல. ஆனா ஆய்வு விதின்னு ஒண்ணு இருக்கே.”

வெல்டர் தரையைப் பார்த்தார். “இன்னமும் மாத்திரைதானா டாக்டரம்மா?”

எனக்கு ஒரு பழக்கம். கடிதத்தில் ஓர் எண் வந்தால், அது எப்படி அளக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதாமல் கையெழுத்துக்கு வைக்கமாட்டேன். அந்த வரிக்கான இடம் இன்னும் காலியாகவே இருந்தது.

“போன வாரம் எடை பாத்த மாதிரியே இன்னொரு தரம் பாத்துக் காட்டுங்க,” என்றேன் நர்ஸிடம்.

“மெஷின் சரியாத்தான் சார் இருக்கு,” என்று நர்ஸ் முகத்தைச் சுளித்தார்.

எங்கள் எடை மேடை ஒரு திரைக்குப் பின்னால் இருக்கிறது, ஏறுபவர் கூச்சப்படக்கூடாதென்று. எண் மட்டும் திரைக்கு இந்தப் பக்கம் சுவரில் தெரியும், நர்ஸ் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். வெல்டரிடம் கேட்டுக்கொண்டு அன்று திரையை விலக்கினேன்.

“பாக்கெட்டக் காலி பண்ணுங்க. பூட்ஸக் கழட்டுங்க. ஏறுங்க,” என்று நர்ஸ் வழக்கம்போல் ஒப்பித்தார்.

வெல்டர் சாவிக்கொத்தையும் போனையும் பெஞ்சில் வைத்தார். இரும்பு முனை வைத்த பட்டறை பூட்ஸைக் கழற்றினார். கயிறுகளை ஒன்றாக முடிந்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு, மேடையில் ஏறி நிமிர்ந்து நின்றார்.

எண்பத்துநான்கு புள்ளி ஆறு.

“அது என்ன அக்குள்ல?” நர்ஸின் குரல் இறங்கிவிட்டது.

“பூட்ஸ், சிஸ்டர்.”

“கழட்டச் சொன்னேனே!”

“கழட்டித்தானே வச்சிருக்கேன்? போன வாரத்துக்கு முந்தின தடவ கீழ விட்டுட்டு ஏறினேன், யாரோ மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்க. அதுலேர்ந்து கீழயே வைக்கிறதில்ல.”

டாக்டரம்மா இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. நர்ஸ் பூட்ஸைப் பிடுங்கினார். எண்பத்திரண்டு புள்ளி இரண்டு. பிறகு பூட்ஸை மட்டும் தனியாக ஏற்றினார். இரண்டு புள்ளி நான்கு.

“ஏழு நாளுக்குள்ள மறுபடி அளக்கலாம்னு விதியிலயே இருக்கு,” என்றார் டாக்டரம்மா, கண்ணைத் துடைத்தபடி. “இன்னைக்கு ஏழாவது நாள். நாளையிலேர்ந்து மாத்திரைய நிறுத்துங்க.”

வெல்டர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். இப்போது நடுவில் இடமில்லை. பூட்ஸ் மனைவியின் மடியில் இருந்தது.

“அத என்கிட்ட குடுத்திருக்கலாம்ல?”

“போன வாரம் நீ எங்க வந்த?”

“இனிமே வரேன், பூட்ஸுக்குக் காவலா.”

பழைய கடிதத்தைக் கிழித்தேன். புதிய கடிதத்தில் மூன்று எடைகளையும் எழுதினேன். ‘பூட்ஸ் அக்குளில் இருந்தது’ என்ற வரியை நர்ஸ் எடுக்கச் சொன்னார், நான் எடுக்கவில்லை. ‘இனி ஏறுபவரின் கைகளையும் பார்ப்போம்’ என்று மட்டும் அதன் கீழே சேர்த்தேன். டாக்டரம்மா கையெழுத்திட்டார். உறையை ஒட்டி, முத்திரை குத்தி, வாசலுக்கு வந்த தபால்காரரின் பைக்குள் நானே போட்டேன்.