ஏழாம் எண்ணின் சாம்பல் புள்ளி

மாகாணப் பள்ளிகளின் ரக்பி இறுதிப்போட்டி முடியப் பதினெட்டு நிமிடம் இருந்தது. கேப்டன் யுகினாரி எதிராளியின் இடுப்பில் தலைகொடுத்து மோதி விழுந்தான். அந்தச் சத்தம் கோட்டுக்கு வெளியே இருந்த கொனோமி வரை கேட்டது.

அவள் அணியின் மானேஜர், இரண்டாம் ஆண்டு மாணவி. துண்டு, தண்ணீரோடு இந்த வசந்தத்திலிருந்து டேப்லெட்டும் அவள் பொறுப்பு. ஒவ்வொருவரின் பற்கவசத்திலும் ஒரு சென்சார் உண்டு. பலத்த அடி பட்டால் டேப்லெட் திரையில் அவன் புள்ளி சிவக்கும். சிவந்தவன் வெளியே வரவேண்டும்.

யுகினாரியின் ஏழாம் எண் சிவக்கவில்லை. சாம்பல் நிறத்தில் இருந்தது. கவசம் வாயில் இல்லை என்று பொருள். இடைவேளை முடிந்ததிலிருந்தே அது அப்படித்தான் இருந்தது. சிக்னல் கோளாறு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அவன் காலுறையில் ஏதோ புடைத்திருப்பதைப் பார்த்தாள்.

முதலாண்டுப் பையன் ஒருவன் அலுமினியக் கெட்டிலோடு ஓடித் தலையில் தண்ணீர் ஊற்றினான். அந்தத் தண்ணீருக்கு எழாதவன் இல்லை என்பது ரக்பிக்காரர்களின் நம்பிக்கை. யுகினாரி எழுந்தான். கூட்டம் கைதட்டியது.

"சிவப்பு வந்துச்சா?" பயிற்சியாளர் இகராஷி சென்செய் திரும்பாமலே கேட்டார்.

"வரலை சென்செய். ஆனா..."

"வரலைல்ல? அப்புறம் என்ன ஆனா?"

"கவசத்தைக் காலுறைக்குள்ள வெச்சிருக்காரு."

"மானேஜர், நீ நம்ம பக்கமா, அந்தப் பக்கமா?" என்றான் பெஞ்சில் இருந்த ஒருவன். "ஜெயிச்சா ஹனாசோனோ, தேசியப் போட்டி. தோத்தா மூணாம் வருஷத்துக்காரங்களுக்கு இன்னையோட ரக்பி முடிஞ்சுது. தெரியும்ல?"

தெரியும்.

"டேய், முடியுமா?" சென்செய் கத்தினார். யுகினாரி கட்டைவிரலை உயர்த்தினான், எதிரணியின் பெஞ்சைப் பார்த்து.

சென்செய் ஆட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டார். கொனோமி டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போட்டி மருத்துவரின் மேசைக்கு நடந்தாள். மானேஜர்கள் அங்கே போவதில்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட அவள் குரல் இரண்டு பெஞ்சைத் தாண்டாது.

"ஏழாம் நம்பரை நிறுத்துங்க" என்றாள். கேட்கவில்லை போலிருந்தது. இன்னும் உரக்கச் சொன்னாள்.

விசில் ஒலித்தது. மருத்துவர் யுகினாரியிடம், "இது எந்தப் பாதி?" என்று கேட்டார்.

"முதல் பாதி."

அவனைக் கூடாரத்துக்கு அழைத்து வந்தார்கள். மூன்று புள்ளி முன்னிலையில் இருந்த அணி, அடுத்த பத்து நிமிடத்தில் இரண்டு புள்ளி பின்தங்கியது. சென்செய் கொனோமியைப் பார்க்கவே இல்லை. அவளாகவே கூடாரத்துக்குப் போய் அவன் அருகில் உட்கார்ந்தாள்.

"என்னை யாரு வெளிய எடுக்கச் சொன்னது?"

"கேப்டன், நான்தான் சொன்னேன்."

"உனக்கு யாரு அந்த உரிமையக் கொடுத்தா? மூணு வருஷம்..." அவன் குரல் உடைந்தது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். பிறகு துண்டை விலக்கி, அப்போதுதான் அவளைப் பார்ப்பவன்போல் பார்த்தான்.

"கொனோமி, என்னை யாரு வெளிய எடுக்கச் சொன்னது?"

ஆம்புலன்ஸ் வருவதற்குள் நான்கு முறை கேட்டான். நான்கு முறையும் கோபம் புதிதாக வந்தது. ஒருமுறைகூட அவள் வேறு யார் பெயரையும் சொல்லவில்லை.