செருப்பின் மேல் போட்ட பழி

மூன்றாம் நம்பர் மெஷினிலிருந்து எண்ணெய் சொட்டுவதை ஃபிட்டர் காலையிலேயே பார்த்துவிட்டான். குழாயை மாற்றுவதென்றால் மெஷினை நிறுத்த வேண்டும். சூப்பர்வைசர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று, ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து எண்ணெயின் மேல் போட்டுவிட்டுப் போனான்.

கேன்டீனில் டம்ளரைக் கையில் எடுக்கும்போதே அலறல் கேட்டது. ஓடிவந்தான். பேக்கிங் அக்கா மல்லாந்து கிடந்தாள். அவள் சுமந்து வந்த பிளாஸ்டிக் மூடிகள் தரையெங்கும் உருண்டுகொண்டிருந்தன. வழுக்கிப்போன அட்டையைக் காலால் மெஷினுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் அவளைத் தூக்கக் குனிந்தான்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மறுநாள் சூப்பர்வைசர் ஒரு காகிதத்தை நீட்டினார். தேய்ந்த செருப்போடு வேலைக்கு வந்ததால் வழுக்கி விழுந்தாள் என்று எழுதியிருந்தது.

"நீதானே முதல்ல ஓடி வந்தே? சாட்சிக் கையெழுத்து போடு."

போட்டான். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. "பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்களே, என்னாச்சு?" என்று மனைவி கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றான்.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனான். அக்காவின் முகம் மலர்ந்தது.

"வாப்பா! என்னங்க, இவன்தான் என்னைத் தூக்கிட்டு ஓடினது. கூடப் பொறந்தவன் கெட்டான்!" பிறகு கணவனைக் காட்டிச் சொன்னாள்: "புதுச் செருப்பு வாங்கித் தரலையேன்னு மனுஷன் தூங்கறதே இல்ல."

அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். ஃபிட்டரால் தாங்க முடியவில்லை.

"செருப்பு இல்லண்ணே. தரையில எண்ணெய். துடைக்காம மேல அட்டையப் போட்டது நான். பொய்க் கையெழுத்து போட்டதும் நான்தான்."

அக்காவின் சிரிப்பு மறைந்தது.

"அப்புறம் அந்த அட்டை எங்க போச்சு?"

"காலால தள்ளி மறைச்சேன்."

"நான் கத்திக்கிட்டு கெடக்கும்போதா?"

ஆமென்று தலையசைத்தான்.

"எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? கையெழுத்து போட்ட எடத்துல போய்ச் சொல்லு. கெளம்பு."

மறுநாள் காலை மேனேஜரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தான். "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியே!" என்றார் சூப்பர்வைசர். இரண்டு வாரம் சஸ்பெண்ட் ஆனான். காகிதத்தில் செருப்பைப் பற்றிய வரியை அடித்துவிட்டார்கள். குழாயையும் மாற்றினார்கள், அதற்கு நாற்பது நிமிடம்தான் ஆயிற்று.

ஐந்து மாதம் கழித்து அக்கா கைத்தடியோடு வந்தாள். உட்கார்ந்தபடி லேபிள் ஒட்டும் வேலை கொடுத்தார்கள். ஃபிட்டர் ஒருநாள் தயங்கித் தயங்கி அருகில் போய் நின்றான்.

"வலி எப்படிக்கா இருக்கு?"

"குளிர் வந்தா உயிர் போவுது" என்றாள், நிமிராமல். "நகரு, வெளிச்சத்தை மறைக்கிற."

நகர்ந்து நின்றான்.