தொடாத வரிசை

மாரிராஜ் தன் பெண்டாட்டியின் கைகளைக் கவனிக்க ஆரம்பித்தது, தக்காளி இலைகள் நிறம் மாறிய பிறகுதான்.

தச்சநல்லூருக்கு வடக்கே கால்வாய்ப் பாசனத்தில் அவனுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. பக்கத்து நிலத்தை ஒரு விதைக் கம்பெனி குத்தகைக்கு எடுத்து, இரட்டைக் கதவு வைத்துப் பசுமைக்குடில் போட்டிருந்தது. அவன் பெண்டாட்டி கலைச்செல்வி அங்கேதான் வேலைக்குப் போனாள். உள்ளே நடப்பதை அவள் ஒளித்ததில்லை. தக்காளி நாற்றின் இலையில் ஒரு வைரஸைத் தேய்த்துவிடுவார்களாம். செடியின் மரபணுவில் குறித்த இடத்தை வெட்டித் திருத்துகிற கருவியை அது செடிக்குள் சுமந்துகொண்டு போகுமாம். திருத்தம் விதைக்கு இறங்கும், வைரஸ் இறங்காது. கோடையிலும் பூ உதிராமல் காய்க்கிற தக்காளி அப்படிக் கிடைக்கும் என்று அங்கே ஆராய்ச்சி செய்யும் பிரியதர்ஷினி சொல்லியிருந்தார்.

மாரிராஜ் அப்போது அதை ஒரு கதையாகத்தான் கேட்டான். தன் தோட்டத்தில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டு விழுந்து, கொழுந்து நாராகச் சூம்பியபோது அந்தக் கதை வேறு மாதிரி கேட்டது. வீட்டுக்கு வந்ததும் அவள் கை கழுவுகிறாளா, வேலைக்குக் கட்டின சேலையை எங்கே போடுகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒத்தாசைக்கு அவள் தோட்டத்துக்கு வந்தாள். வரப்பிலேயே மறித்தான்.

"நில்லுட்டி. உள்ள வராத."

"எதுக்கு?"

"அங்கன தேய்க்கிற கைதான அது."

அவள் கையை விரித்துக் காட்டினாள். "இந்தக் கையாலதான் சோறு பொங்குதேன். அது மட்டும் தொண்டையில இறங்குதோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். அதற்குப் பிறகு அவள் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. வீட்டிலும் தேவைக்கு மேல் ஒரு சொல் கிடையாது.

அவள் வராமலே நோய் பரவியது. கால்வாய் ஓரத்துக் கடைசி வரிசையில் நாற்று நட்டதிலிருந்து அவள் கால் வைத்ததே இல்லை. குச்சி ஊன்றிச் சணல் கட்டியது, பக்கக் கிளை கிள்ளியது எல்லாம் அவன்தான். அந்த வரிசைதான் மோசமாக இருந்தது. அதைப் பார்த்தும் அவன் சந்தேகம் ஆறவில்லை, இடம் மாறியது. கம்பெனிக்காரர்கள் கால்வாய்த் தண்ணீரில் விடுகிறார்களோ, காற்றில் வருகிறதோ என்று மனசு ஓடியது.

சில செடிகளை வேரோடு பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வேளாண் கல்லூரிக்குப் போனான். பிரியதர்ஷினி அங்கே படித்தவர் என்று கேள்விப்பட்டிருந்ததால், அவர்களையும் நம்பாமல், திசையன்விளையில் மச்சான் தோட்டத்துச் செடி என்று பொய் சொன்னான். பயிர்நோய் பார்க்கும் சாலமோன் மறுவாரம் வரச் சொன்னார்.

போனபோது சாலமோன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களைப் பார்த்தார். இது புகையிலையில் வருகிற பழைய தேமல் வைரஸ் என்றார். பீடித் தூளில் உயிரோடு கிடக்கும், அந்தக் கையால் கொழுந்தைக் கிள்ளினால் செடிக்குச் செடி ஏறிவிடும் என்றார். "உம்ம மச்சான் பீடி குடிப்பாராவே?"

மாரிராஜ் பீடிக் கறை படிந்த விரல்களை மடக்கிக்கொண்டான். அப்படியும் அவன் விடவில்லை. செடி தன் தோட்டத்துதான் என்று ஒத்துக்கொண்டு, பக்கத்துக் குடிலையும் பெண்டாட்டியின் வேலையையும் சொல்லி, அவர்களுடைய வைரஸ் இதில் இல்லை என்று எப்படி நம்புவது என்று கேட்டான். சாலமோனுக்குக் கோபம் வந்தது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அதையும் பார்த்திருப்பேனே என்றார். மறுபடி பார்த்தார்கள். கம்பெனி உபயோகிப்பது வேறு வகை. அதன் தடயம் எந்தச் செடியிலும் இல்லை.

அன்று சாயங்காலம் அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கலைச்செல்வியிடம் சொன்னான். பொய் சொன்னதையும் சேர்த்துச் சொன்னான். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"எங் கையில இருந்து வந்துச்சுன்னு எப்படி நெனச்சீங்க?" என்றாள் கடைசியில்.

"தப்புதான்." சற்றுப் பொறுத்து, "ஆனா ஒண்ணு கேக்கேன். எங் கையில இருந்து இது வந்துச்சுன்னா, அங்கன இருந்து அவங்க வைரஸும் ஒருநாள் வரலாம்லா?" என்றான்.

அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தான். வரவில்லை. அவள் மனசிலும் அது கிடந்திருக்க வேண்டும். மறுநாள் அதை அப்படியே பிரியதர்ஷினியிடம் கேட்டாள். கழித்த செடிகளை எரிக்கிற இடம்வரை கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, "வரவே வராதுன்னு சொல்ல மாட்டேம்மா. வராமப் பாத்துக்கிடுதோம்" என்றார் அவர்.

"வரவே வராதுன்னு பொய் சொல்லியிருந்தா அப்பவே வேலைய விட்டு நின்னிருப்பேன்," என்றாள் கலைச்செல்வி, வீட்டில் அதைச் சொல்லி முடித்துவிட்டு.

மாரிராஜுக்கு அந்தப் பதில் போதவில்லை. ஆனாலும் தர்க்கம் பண்ணவில்லை. "நோவுச் செடியெல்லாம் பிடுங்கணும். வாறியா?" என்று கேட்டான்.

அவள் எழுந்தாள். சோப்பை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் கழுவி முடித்த பிறகு, இரண்டு பேரும் வரப்பில் இறங்கினார்கள்.