நான்கு நொடி வருகை

கமலநாதன் இறந்து ஒன்பது மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் கிள்ளானில் அவர் வீட்டு முன்னறையில், தினமும் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில், அவருடைய பழைய கம்ப்யூட்டர் தானாக உயிர் பெறும். யாரும் தொடுவதில்லை. பச்சை விளக்கு எரியும், உள்ளே விசிறி உர்ரென்று சுற்றும். நான்கே நொடிதான். பிறகு பட்டென்று அணைந்துவிடும்.

அவர் மனைவி உஷாராணி இதை யாரிடமும் சொல்லவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து கமலநாதன் தேநீரோடு அதன் முன்னால் உட்கார்ந்ததும் சரியாக ஐந்து மணிக்குத்தான். முதல் தடவை சத்தம் கேட்டபோது அவள் வாசலுக்கு ஓடிவிட்டாள். மூன்றாம் நாள் பயம் தெளிந்தது. பத்தாம் நாளிலிருந்து இரண்டு கோப்பை தேநீர் போட ஆரம்பித்தாள். ஒன்றை அவர் மேசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பாள். நான்கு நொடியில் என்ன பேசிவிட முடியும்? "வந்துட்டீங்களா?" என்று கேட்கலாம். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அந்த மனுஷன் பதில் சொன்னதே அபூர்வம். அதனால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

மகள் ஷாமினிதான் செராஸிலிருந்து போன் மேல் போன் போட்டாள். தை மாதம் அப்பாவின் முதல் திதி. வெள்ளத்தில் வீட்டு ஆல்பங்கள் எல்லாம் கூழாகிப் போனபின், அதற்கு முன்பே அவர் ஸ்கேன் செய்து வைத்திருந்த படங்கள்தான் மிச்சம். அவை அந்தப் பெட்டிக்குள் இருந்தன. கருமாதி அன்று ஷாமினி பட்டனை எத்தனையோ தடவை அமுக்கிப் பார்த்தாள், பெட்டி வந்த வேகத்தில் அணைந்தது. இப்போது பிரிக்பீல்ட்ஸில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் ஜீவன் என்பவனை அவளே ஏற்பாடு செய்து அனுப்பினாள்.

ஜீவன் சனிக்கிழமை காலையில் வந்தான். மெமரி பட்டையைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினான். வட்ட பேட்டரியை மாற்றினான். தான் கொண்டுவந்த பவர் சப்ளையைப் பொருத்திப் பார்த்தான். எதற்கும் பெட்டி மசியவில்லை. கடைசியில் பட்டன் வயரை உருவிவிட்டு, அது மாட்டியிருந்த இரண்டு ஊசிகளையும் ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டான். விசிறி ஓடியது, நிற்கவில்லை. திரை விரிந்தது. மடியில் குழந்தை ஷாமினியோடு கமலநாதன் சிரித்தார்.

"மெஷின்ல ஒன்னும் இல்ல லா ஆன்டி. பட்டன்தான். ஆயுத பூஜைக்கு இதுல சந்தனம் வைப்பீங்களா?"

"வைப்பேன். அவரு ஸ்கிரீன்ல வைப்பாரு, நான் பட்டன்ல வைப்பேன். இந்த வருஷம் துக்கம், வைக்கல."

"அத்தன வருஷச் சந்தனமும் உள்ள எறங்கிக் காஞ்சு கெடக்கு. அமுக்குனா பட்டன் வெளிய வர மாட்டேங்குது. நாலு செகண்ட் அமுங்கியே இருந்தா எந்தக் கம்ப்யூட்டரும் ஆஃப் ஆயிரும்."

"யாரும் அமுக்காமலே?"

அவன் சன்னலைப் பார்த்தான். "மேக்கு வெயில் நேரா இதும்மேல விழும் போல. சூட்டுல பிளாஸ்டிக் உப்புனா தானா அமுங்கும். ஏன் ஆன்டி, சாயங்காலத்துல அதுவே ஓடுதா?"

"இல்லியே," என்று பொய் சொன்னாள் உஷாராணி.

அவன் பல் குச்சியால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்து, பட்டன் வயரைத் திரும்ப மாட்டினான். படங்களை நகலெடுக்கும் டிஸ்க் வேறொரு வீட்டில் இருக்கிறது, அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்றான். "அதுவரைக்கும் இத தொடாதீங்க. ஹார்ட் டிஸ்க் ரொம்ப அடிபட்டிருக்கு. இன்னொரு தடவ பட்டுன்னு அணைஞ்சா படம் பூரா போயிரும்." கம்ப்யூட்டரை முறையாக நிறுத்தி, சுவரிலிருந்த சுவிட்சை அணைத்து, அதன்மேல் கறுப்பு டேப்பும் ஒட்டிவிட்டுப் போனான்.

அன்று ஐந்து மணிக்குச் சத்தம் வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. இரண்டாவது கோப்பையில் ஆடை படிந்தது. வந்தது வெயில்தான், சந்தனம்தான் என்று இப்போது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? அவர் உடலை எடுத்த அன்றுகூட வீடு இவ்வளவு வெறிச்சோடிக் கிடக்கவில்லை. திங்களும் செவ்வாயும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

புதன்கிழமை பூஜை அறையைத் திறந்தாள். துக்க வருடம் முடியாமல் திறக்கக் கூடாதுதான். சந்தனக்கட்டையை எடுத்துக் கெட்டியாக உரசினாள். விளக்குமாற்று ஈர்க்கால் பட்டனின் இடுக்கெல்லாம் அப்பினாள். டேப்பில் கை வைத்தபோது மகளின் ஞாபகம் வந்தது. படத்தில் இருக்கிற மனுஷன் என்னைத் தேடி வரவா போகிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, டேப்பை உரித்துச் சுவிட்சைப் போட்டாள்.

வியாழன் ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வெயில் மேசையில் ஏறியது, விசிறி சுற்றியது. கூடவே டக், டக் என்று புதிதாக ஒரு சத்தம். அது என்ன சத்தம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "வந்துட்டீங்களா?" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் மழையோடு ஜீவன் வந்தான். பெட்டி இருந்த இடத்திலேயே ஒரு மணி நேரம் போராடினான். ஹார்ட் டிஸ்க் செத்துக் கிடந்தது. குனிந்தவன் மூக்கில் சந்தன வாசம் அடித்திருக்க வேண்டும். பட்டனைப் பார்த்தான், உரிந்த டேப்பைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். போன் ஸ்பீக்கரில் ஷாமினி என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பழைய மெஷின் லா அக்கா. வயசாயிருச்சு," என்றான் ஜீவன்.

"அம்மா, அப்பாவோட சின்ன வயசு மொகம் ஒன்னுகூட இல்லியாம்மா இனிமே?" என்று ஷாமினி அழுதாள். பெற்ற மகளிடமிருந்து அவள் அப்பனைத் திருடிக்கொண்டோம் என்று நினைத்தாள் உஷாராணி.

"பெட்டிய நான் எடுத்துட்டுப் போயிரவா ஆன்டி?"

"இருக்கட்டும் தம்பி."

அவள் உள்ளே போய் இரண்டு கோப்பை தேநீர் கொண்டுவந்தாள். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தாள். மணி ஐந்து. வெளியே மழை வலுத்திருந்தது. அறையில் விளக்குப் போடுமளவு இருட்டு.

பச்சை விளக்கு எரிந்தது. விசிறி சுற்றியது.

ஜீவன் திடுக்கிட்டுச் சன்னலைப் பார்த்தான். அங்கே பொட்டு வெயில் இல்லை. நான்கு நொடியில் எல்லாம் அடங்கியது. அவனுக்கு நாக்கு வறண்டுவிட்டது. மேசையில் இருந்த கோப்பையை எடுக்கக் கை நீட்டினான்.

"அது ஒங்களுக்கு இல்ல தம்பி," என்றாள் உஷாராணி. "உக்காருங்க, வேற போட்டுத் தரேன்."